கதையால் கணக்கு: பிள்ளைக்கு இரு மொழியில் கணிதம் சொல்லிக் கொடுத்தல்

நீங்கள் ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள், அல்லது திரும்பும் ஆயத்தத்தில் இருக்கிறீர்கள். வீடு, கிணறு, மலசலகூடம், தொழில் உபகரணம் ஆகியவை பற்றி இக்கைந்நூலின் ஏனைய பகுதிகளில் வாசித்திருப்பீர்கள். இப்பகுதி உங்கள் பிள்ளையின் கணக்குப் பற்றியது. இதற்குப் பணம் தேவையில்லை. உம்மாவோ வாப்பாவோ அதிகம் படித்திருக்கவும் தேவையில்லை. இரவில் கால் மணித்தியாலமும் ஒரு கதையும் போதும்.

ஏன் கணிதத்தை முதலில் பார்க்க வேண்டும்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியில் இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மரணமானார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கரையோரத்து வீடுகளோடு பாடசாலைகளும் சேதமடைந்தன. எஞ்சிய பாடசாலைகள் பல முகாம்களாகின. பிள்ளைகள் முகாமில் சில மாதம், உறவினர் ஊரில் சில மாதம், தற்காலிகக் கொட்டிலில் சில மாதம் என்று படித்தார்கள். சிலர் வெளியூரில் சிங்கள மொழிமூலப் பாடசாலையிலும் படித்தார்கள்.

இப்படி விட்டு விட்டுப் படித்த பிள்ளைக்கு மற்றப் பாடங்களை விடக் கணிதமே அதிகம் பாதிக்கப்படும். சமூகக்கல்வியில் ஒரு பாடம் தவறினால் அடுத்த பாடத்தைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம். கணிதம் ஏணி போன்றது. பெருக்கலைத் தவறவிட்ட பிள்ளைக்கு வகுத்தல் விளங்காது. வகுத்தல் விளங்காவிட்டால் பின்னம் விளங்காது. வகுப்பில் ஆசிரியர் மேலே போய்க்கொண்டிருப்பார். பிள்ளை கீழே நின்றுவிடும். வெட்கத்தினால் கேள்வி கேட்காது. சில காலத்தில் "எனக்குக் கணக்கு ஓடாது" என்று சொல்லிப் பாடசாலையையே வெறுக்கத் தொடங்கும். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் உயர்தரம் செல்வது கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே விடுபட்ட படியை இப்போதே போட்டுக் கொடுக்க வேண்டும்.

கதை எப்படி உதவுகிறது?

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவிலும் சந்தையிலும் தேங்காய், பழம் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 1985இல் வெளியானது. அவர்கள் 9 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். ஆய்வாளர்கள் முதலில் வாடிக்கையாளரைப் போலச் சென்று கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. பின்னர் அதே பிள்ளைகளுக்கு அதே மாதிரிக் கணக்குகளைச் சிறு கதையாக, வசனக் கணக்காகக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 74 சரி. கதையில்லாமல் வெறும் எண்களாகவும் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37தான் சரி.

சந்தையில் 35 விலையான பத்துத் தேங்காய்க்குக் கணக்குப் பார்த்த ஒரு பிள்ளை, மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, மேலும் மூன்றுக்கு 315, இன்னும் ஒன்றோடு 350 என்று மனத்தில் கூட்டியது. "பத்தால் பெருக்கினால் ஒரு பூச்சியம் சேர்க்க வேண்டும்" என்ற பாடசாலை விதியை அது பயன்படுத்தவில்லை. ஆனாலும் விடை சரி.

இது சிறிய ஆய்வுதான். ஆனால் எங்கள் ஊரிலும் இதைக் காணலாம். கடைக்குப் போய் மிச்சக் காசைப் பிழையில்லாமல் கொண்டு வரும் பிள்ளை, கொப்பியில் அதே கழித்தலைப் பிழையாகச் செய்கிறது. பிள்ளைக்கு மூளை போதவில்லை என்பது அதன் அர்த்தமல்ல. கொப்பியில் உள்ள எண்களுக்குப் பின்னால் எந்தப் பொருளையும் பிள்ளை காணவில்லை. கதை அந்தப் பொருளைக் கொண்டு வந்து வைக்கிறது. யார் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்தால் கூட்டுவதா கழிப்பதா என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

ஏன் இரண்டு மொழி?

எங்கள் பிள்ளைகள் தமிழில் சிந்திக்கிறார்கள். பாடசாலையில் தமிழில் கணிதம் படிக்கிறார்கள். ஆனால் அம்பாறை நகரத்துக்குப் போனால், பஸ்ஸில் ஏறினால், வெளியூர் வியாபாரியோடு பேசினால் எண்கள் சிங்களத்தில் வரும். பெரிய வகுப்பில், தொழிலில், கணினியில் ஆங்கிலத்தில் வரும். ஒரே கதையை இரண்டு மொழியில் கேட்ட பிள்ளைக்கு இரண்டு நன்மை உண்டு. ஒன்று, அடுத்த மொழியின் எண்களைப் பயமில்லாமல் கற்றுக்கொள்ளும். மற்றது, மொழி மாறினாலும் கணக்கு மாறாது என்பதைக் காணும். "எட்டும் ஐந்தும் பதின்மூன்று" என்பது தமிழில் மனனம் செய்த வசனம் மட்டுமல்ல, எந்த மொழியில் சொன்னாலும் நிற்கும் உண்மை என்று விளங்குவதே கணிதத்தின் அத்திவாரம்.

எந்த மொழியில் தொடங்குவது? பிள்ளை வீட்டில் சண்டை போடும் மொழியில், கனவு காணும் மொழியில் தொடங்குங்கள். பிள்ளைக்கு நன்கு விளங்கும் தாய்மொழியே கற்பிக்கச் சிறந்தது என்று ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் 1953இலேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அது தமிழ். கதை தமிழில் நன்றாக விளங்கிய பிறகுதான் இரண்டாம் மொழி. விளங்காத கணக்கை விளங்காத மொழியில் சொன்னால் பிள்ளைக்குப் பாரம் இரண்டாகும்.

உங்கள் பிள்ளை இடம்பெயர்ந்த காலத்தில் சிங்கள மொழிமூலம் படித்திருந்தால் முறையைத் திருப்பிப் போடுங்கள். "வகுத்தல்" என்ற சொல் அதற்குத் தெரியாமல் இருக்கலாம். "பெதீம" என்றால் உடனே செய்யும். கூட்டல் என்பது எகத்து கிரீம, கழித்தல் அடு கிரீம, பெருக்கல் குண கிரீம, வகுத்தல் பெதீம. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த கணக்கை இழக்க விடாமல் தமிழ்ச் சொல்லை மட்டும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

தொடங்குமுன்: பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது?

வயதையும் வகுப்பையும் மறந்துவிட்டு, விளையாட்டுப் போல இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். இருபது வரை தடுமாறாமல் எண்ணுகிறதா?
2. 27ஐ விடப் பத்துக் கூட எவ்வளவு? விரல் மடிக்காமல் 37 என்கிறதா?
3. ஐந்து பேருக்கு ஆளுக்கு நான்கு ரொட்டி வேண்டும். மொத்தம் எத்தனை?
4. ஒரு ரொட்டியை நான்காக மடித்தால் ஒரு துண்டின் பெயர் என்ன?

எந்தக் கேள்வியில் பிள்ளை நிற்கிறதோ அந்த இடத்தில் கதையைத் தொடங்குங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டாவது கேள்வியில் நின்றால் அங்கேயே தொடங்க வேண்டும். "உன் வயதில் இது தெரியாதா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பாடம் நடந்த மாதத்தில் பிள்ளை எங்கே இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எண்களின் பெயர்கள்

சிங்கள எண்களைக் கீழே தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். உச்சரிப்பைச் சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1 எக்க, 2 தெக்க, 3 துன, 4 ஹத்தர, 5 பஹ, 6 ஹய, 7 ஹத்த, 8 அட்ட, 9 நவய, 10 தஹய

11 எக்கொளஹ, 12 தொளஹ, 13 தஹதுன, 14 தஹஹத்தர, 15 பஹளொவ, 16 தஹசய, 17 தஹஹத்த, 18 தஹஅட்ட, 19 தஹநவய, 20 விஸ்ஸ

30 திஹ, 40 ஹத்தளிஹ, 50 பணஹ, 60 ஹெட்ட, 70 ஹெத்தேவ, 80 அசூவ, 90 அனூவ, 100 சீய

ஒவ்வொரு மொழியும் எண்ணுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வழி இருக்கிறது. அது தெரிந்தால் பிள்ளையின் பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

தமிழில் பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. சிங்களத்தில் தஹதுன என்பதும் பத்தும் மூன்றும்தான். ஆனால் 11, 12, 15 ஆகியவற்றின் பெயர்களில் பத்து அப்படித் தெளிவாகக் கேட்காது. அவற்றைத் தனியாகப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் 11க்கும் 12க்கும் தனிப் பெயர். 14ஐ 'ஃபோர்ட்டீன்' என்கிறார்கள். நான்கு முதலில் கேட்கிறது. அதனால் சில பிள்ளைகள் 41 என்று எழுதுவார்கள். காதில் விழுந்த ஒழுங்கில் எழுதியதே காரணம்.

தமிழில் ஒன்பதிடம் ஒரு சிக்கல் இருக்கிறது. தொண்ணூறு என்றால் 90. எண்ணூறு என்றால் 800. இரண்டும் "ணூறு" என்றே முடிகின்றன. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, ஆனால் அது 900. சொல்வதெழுதலில் பிள்ளைகள் இதில் அடிக்கடி விழுவார்கள். இதை ஒரு குட்டிக் கதையாகச் சொல்லுங்கள்:

"ஒன்பது பெரிய அவசரக்காரன். அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னே அந்த வீட்டுப் பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொள்வான். பத்துக்கு ஒன்று குறைவாக நின்றபடி 'ஒன்பது' என்று பத்தின் வாலை ஒட்டிக்கொண்டான். நூறுக்குப் பத்துக் குறைய நின்றபடி 'தொண்ணூறு' என்றான். ஆயிரத்துக்கு நூறு குறைய நின்றபடி 'தொள்ளாயிரம்' என்றான். அவன் சொல்வதை அப்படியே நம்பாதே, ஒரு படி குறைத்து எழுது."

பிறகு சிங்களத்தில் கேளுங்கள்: 900க்கு நவசீய. ஒன்பது நூறு என்று நேரடியாகவே சொல்கிறது. ஒரு மொழியில் மறைந்திருப்பதை அடுத்த மொழி காட்டிக் கொடுக்கிறது. இரு மொழிக் கதையின் பயன் இதுதான்.

ஒரு கதைக்கு ஐந்து இரவு

முதலாம் இரவு: கதையைத் தமிழில் சொல்லுங்கள். கணக்கு வரும் இடத்தில் நிறுத்தி, "இனி என்ன செய்வார்கள்?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் இரவு: பிள்ளை கதையைத் திருப்பிச் சொல்லட்டும். கையில் புளியங்கொட்டை, சிப்பி, சோடா மூடி ஏதாவது கொடுங்கள். சொல்லும்போதே பொருளை நகர்த்த வேண்டும்.

மூன்றாம் இரவு: அதே கதையை நீங்கள் தமிழில் சொல்லுங்கள், எண்கள் மட்டும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் வரட்டும். உங்களுக்குத் தெரியாவிட்டால் பெரிய பிள்ளை, காக்கா அல்லது ராத்தா, அந்தப் பங்கை எடுக்கலாம்.

நான்காம் இரவு: கதையில் ஒருவர் முழுமையாக அடுத்த மொழியில் பேசட்டும். ஓரிரு வசனம் போதும்.

ஐந்தாம் இரவு: இப்போதுதான் கொப்பியும் பென்சிலும். கதையில் நடந்ததை எண்ணாலும் குறியாலும் எழுதச் சொல்லுங்கள். பிறகு பிள்ளையே எண்ணை மாற்றிப் புதுக் கதை கட்டட்டும். தானே கணக்குக் கட்டும் பிள்ளைக்கு அது விளங்கிவிட்டது என்று பொருள்.

தொடங்குவதற்கு மூன்று கதைகள்

1. இடியப்பக் கதை (தரம் 1, 2)

"பாத்திமாவின் உம்மா விடிய எழும்பி இடியப்பம் அவிக்கிறா. பத்து இடியப்பம் சேர்ந்தால் ஒரு பார்சல். இப்போது தட்டில் எட்டு இருக்கிறது. அடுப்பிலிருந்து இன்னும் ஐந்து இறங்குகிறது. ஒரு பார்சல் கட்ட முடியுமா?"

பிள்ளை ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்க்கும். ஒரு பார்சலும் மூன்றும். பதின்மூன்று என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது என்று காட்டுங்கள்.

நான்காம் இரவில்: "அம்பாறை பஸ் வந்து நிற்கிறது. நடத்துனர் இறங்கி வந்து, 'இந்தி ஆப்ப பஹளொவக் தென்ன' என்கிறார். பாத்திமாவுக்குப் பஹளொவ என்றால் 15 என்று தெரியும். ஒரு பார்சல், அதன் மேல் ஐந்து. கையில் இருப்பது பதின்மூன்று. உம்மா இன்னும் எத்தனை அவிக்க வேண்டும்?"

எட்டும் ஐந்தும், ஒன்பதும் நான்கும், ஏழும் ஆறும் என்று எண்ணை மாற்றிச் சொல்லுங்கள். பத்தாக்கிப் பார்க்கும் பழக்கம் வந்த பிள்ளை விரல் விடுவதைத் தானாக நிறுத்தும். சோறு ஆக்கும்போதும் இதைத் தொடரலாம். சுண்டால் அளந்து போடும்போது எண்ணச் சொல்லுங்கள். சிங்களத்தில் அதற்கு ஹுண்டுவ என்று பெயர். காதில் கேட்டாலே இரண்டு சொல்லும் உறவு என்று பிள்ளைக்கு விளங்கும்.

2. தறிக் கதை (தரம் 3, 4)

மருதமுனைக் கைத்தறி எங்கள் பகுதியின் பெருமை. தறி இல்லாத வீட்டிலும் இக்கதையைச் சொல்லலாம். தரையில் ஈர்க்கில் குச்சிகளை நிறத்துக்கு நிறம் அடுக்கினால் போதும். கதைக்காக எண்ணைச் சிறிதாக வைத்துள்ளோம்.

"மூத்தாப்பா சாரனுக்குக் கோடு போடுகிறார். நீல நூல் நான்கு, வெள்ளை நூல் இரண்டு. திரும்பவும் நீலம் நான்கு, வெள்ளை இரண்டு. இப்படி ஏழு முறை. மொத்தம் எத்தனை நூல்?"

ஒரு பிள்ளை ஆறை ஏழு முறை கூட்டும். இன்னொரு பிள்ளை நீலத்தைத் தனியாக 28 என்றும், வெள்ளையைத் தனியாக 14 என்றும் கண்டு கூட்டும். இரண்டு வழியிலும் 42. எது சரி என்று கேளுங்கள். இரண்டும் சரி என்று பிள்ளை சொன்னால், பின்னர் அட்சரகணிதத்தில் அடைப்பை நீக்கும் விதி வரும்போது அது புதிதாக இருக்காது.

நான்காம் இரவில்: "அம்பாறை நகரத்து வியாபாரி வந்து, 'நில் நூல் ஹத்தரக், சுது நூல் தெக்கக்' என்கிறார்." நில் என்றால் நீலம், சுது என்றால் வெள்ளை. நூல் இரண்டு மொழியிலும் நூல்தான். "அவருக்கு ஐந்து முறை வேண்டும். மொத்தம் எத்தனை நூல்?" விடை: திஹ.

3. பதினேழு மாட்டுக் கதை (தரம் 5 முதல்)

இது பல நாடுகளில் ஒட்டகத்தை வைத்துச் சொல்லப்படும் பழங்கதை. நாங்கள் மாட்டை வைத்துச் சொல்லலாம்.

"ஒரு பெரியவரிடம் 17 மாடுகள். மூத்தவனுக்குப் பாதி, நடுவானுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று என்று சொல்லிவிட்டு அவர் தூரப் பயணம் போய்விட்டார். பதினேழைப் பாதியாக்க முடியாமல் மூவரும் சண்டை. அடுத்த வீட்டு மூத்தம்மா தன் மாடொன்றைக் கொண்டு வந்து கட்டினா. இப்போது 18. பாதி 9, மூன்றில் ஒன்று 6, ஒன்பதில் ஒன்று 2. கூட்டிப் பார்த்தால் 17. மூத்தம்மா தன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனா."

பிள்ளை சிரிக்கும். சிரித்து முடிந்ததும், "இது எப்படி நடந்தது?" என்று கேளுங்கள். பதினெட்டில் 9, பதினெட்டில் 6, பதினெட்டில் 2 சேர்ந்தால் பதினெட்டில் 17தான். பெரியவர் சொன்ன பங்குகள் முழுதாகச் சேரவில்லை. அதனால்தான் ஒன்று மிஞ்சியது. விடை கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தாலும் பரவாயில்லை. இது கணக்குக் கதை மட்டுமே, மார்க்கச் சட்டப்படியான வாரிசுப் பங்கீடு அல்ல என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

பின்னத்தில் மொழி முக்கியம். தமிழில் "மூன்றில் ஒன்று" என்கிறோம். முழுதை எத்தனையாகப் பிரித்தோம் என்பது முதலில் வருகிறது. சிங்களத்திலும் "துனென் எக்க", அதே ஒழுங்கு. ஆங்கிலத்தில் 'வன் தேர்ட்', ஒழுங்கு தலைகீழ். தமிழில் கேட்டதை அந்த ஒழுங்கிலேயே எழுதினால் மேலே மூன்றும் கீழே ஒன்றும் வந்துவிடும். "முதலில் சொன்னது கீழே போகும்" என்று தமிழில் பழக்குங்கள்.

கால் என்பதைச் சிங்களத்தில் கால என்கிறார்கள், முக்காலை துன்கால என்கிறார்கள், இது எளிது. ஆனால் ஒரு சொல்லில் கவனம் தேவை. தமிழில் பாகம் என்றால் ஏதோ ஒரு பங்கு. சிங்களப் பேச்சில் பாகய என்றால் அரை. சிங்கள மொழிமூலம் படித்து வந்த பிள்ளையிடம் "ஒரு பாகத்தைக் கொடு" என்றால் சரிபாதியாக வெட்டிக் கொடுக்கலாம்.

இழப்பைச் சந்தித்த பிள்ளையோடு

கணக்குக் கதையில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கழித்தல் என்றால் எடுத்துவிடுவது, குறைந்துபோவது. "வீட்டில் ஏழு பேர் இருந்தார்கள், இரண்டு பேர் போய்விட்டார்கள், மிச்சம் எத்தனை?" என்ற கேள்வி, ஆட்களை இழந்த வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு அல்ல. அது பேசாமல் இருந்துவிடும். அல்லது அன்றிரவு தூங்காது.

ஆகவே கழித்தல் கதையில் ஆட்களை வைக்காதீர்கள். மாங்காய், முட்டை, மிச்சக் காசு ஆகியவற்றை வையுங்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லாதீர்கள். கடல், அலை, தோணி வரும் கதையைப் பிள்ளை தானாகக் கேட்கும் வரை தள்ளி வையுங்கள். மீன்பிடிக் குடும்பங்களில் பல பிள்ளைகள் ஒரு காலத்தில் தாங்களே அதைக் கேட்பார்கள். அப்போது கரைவலையில் வந்த மீனைப் பங்கு பிரிக்கும் கதை நல்ல வகுத்தல் பாடமாகும்.

கதை நடுவே பிள்ளை அழுதால், அல்லது இறந்தவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கணக்கை விட்டுவிடுங்கள். பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். கணக்கு நாளைக்கும் இருக்கும். பல கிழமைகளாகப் பேச்சும் விளையாட்டும் தூக்கமும் குறைந்திருந்தால் வகுப்பாசிரியருக்கும் அருகிலுள்ள வைத்தியசாலைக்கும் தெரியப்படுத்துங்கள்.

உம்மா வாப்பா இருவரையும் இழந்து உம்மம்மாவோடு அல்லது மாமியோடு வளரும் பிள்ளைகளுக்கும் இம்முறை பொருந்தும். பழைய நொடியும் கதையும் கூடுதலாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். எழுத வாசிக்கத் தெரியாத உம்மம்மாவும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எழுதுவதைப் பிள்ளை செய்யும்.

மத்ரஸாவும் நோன்பு காலமும்

உங்கள் பிள்ளைக்கு இன்னொரு மொழியின் எண்களும் தெரிந்திருக்கும். குர்ஆனில் ஆயத்து இலக்கங்கள் அரபு இலக்கத்தில் இருக்கின்றன. அரபை வலமிருந்து இடமாக வாசிக்கிறோம். ஆனால் 25 என்ற எண்ணில் பத்துகளின் இடம் அங்கும் ஒன்றுகளின் இடத்துக்கு இடப்பக்கம்தான். இதைப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இடப்பெறுமானம் பற்றி நல்ல பேச்சு வரும்.

ஸகாத் நாற்பதில் ஒரு பங்கு. நாற்பதாயிரம் ரூபாவுக்கு எவ்வளவு? நூற்றுக்கு எவ்வளவு? ஆயிரம் ரூபா, இரண்டரை வீதம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அட்சரகணித நூலை எழுதிய அல் குவாரிஸ்மி, வாரிசுப் பங்குக் கணக்குகளுக்கு அந்நூலில் பெரும் பகுதியை ஒதுக்கினார். எங்கள் வீட்டுக் கணக்கிலிருந்துதான் பெரிய கணிதமும் வளர்ந்தது என்று பிள்ளைக்குச் சொல்லலாம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை உண்டு. அந்த மாதத்தில் இரவில் வீடே விழித்திருக்கும். விடுபட்ட படியைப் போட அது நல்ல காலம்.

பாடசாலையோடு சேர்ந்து

வீட்டுக் கதை பாடசாலைக்குப் பதிலாகாது. ஊர் திரும்பியவுடன் பிள்ளையை அருகிலுள்ள பாடசாலை அதிபரிடம் கூட்டிச் செல்லுங்கள். விடுகைப் பத்திரமோ பிறப்புச் சான்றிதழோ தொலைந்திருந்தால் அதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். நிலைமையை அதிபரிடம் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெறுவது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அனுமதியில் சிக்கல் இருந்தால் உங்கள் பகுதிக்குரிய வலயக் கல்வி அலுவலகத்துக்குச் செல்லலாம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களில் அவ்வலுவலகங்கள் உள்ளன. அரசாங்கப் பாடநூல்கள் இலவசம். இழந்த நூல்களுக்குப் பதில் நூல் கிடைக்குமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

ஆசிரியரிடம் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள்: பிள்ளை எத்தனை மாதம் பாடசாலை செல்லவில்லை, எந்த மொழிமூலம் படித்தது, மேலே சொன்ன நான்கு கேள்விகளில் எதில் நின்றது. இந்த மூன்றும் தெரிந்தால் ஆசிரியருக்கு உதவி செய்வது எளிது. அண்டை வீடுகளின் பிள்ளைகள் நான்கைந்து பேரைச் சேர்த்து ஒரே கதையைச் சொன்னால் இன்னும் நல்லது. வெளியூரில் சிங்களம் பழகி வந்த பிள்ளை அக்கூட்டத்தில் மற்றவர்களுக்கு ஆசிரியராகிவிடும். "பிந்தி வந்தவன்" என்ற பெயரும் போய்விடும்.

நினைவில் வையுங்கள்

செய்யுங்கள்: தினமும் கால் மணித்தியாலம். முதலில் நன்கு விளங்கும் மொழி, பிறகு அடுத்த மொழி. கையில் பொருள், வாயில் கதை, கடைசியில்தான் கொப்பி. பிள்ளை எப்படி விடை கண்டது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், விடை சரியாக இருந்தாலும்.

தவிருங்கள்: அடி, ஏச்சு, மற்றப் பிள்ளையோடு ஒப்பிடுதல். விளங்காமல் வாய்ப்பாடு மனனம் செய்வித்தல். தூக்கம் வந்த பிள்ளையை இழுத்து வைத்தல். ஆட்களைக் கழிக்கும் கணக்கு.

முதல் கிழமையில் பெரிய மாற்றம் தெரியாது. பிள்ளை கதையை மட்டும் கேட்டுவிட்டுக் கணக்கை விட்டுவிடலாம். தொடருங்கள். ஒரு நாள் கடையில் நிற்கும்போது "உம்மா, இப்படி வாங்கினால் எவ்வளவு மிஞ்சும் தெரியுமா?" என்று பிள்ளையே தொடங்கும். அன்றிலிருந்து அடுத்த படியின் கதையைச் சொல்லத் தொடங்குங்கள்.